மகெல்லன் என்று எழுதினால் பிழை

யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒரு கோயில், ஊருக்கு ஒரு சனசமூக நிலையம். நிலையத்துக்கு ஆண்டு விழா வந்தால் காலையில் சைக்கிள் ஓட்டம், பின்னேரம் கயிறிழுத்தல். இரண்டுக்கும் நடுவில், சனம் வெயிலுக்கு ஒதுங்குகிற நேரத்தில், பொது அறிவுப் போட்டி. மருதனார்மடத்தைச் சுற்றியுள்ள இணுவில், உடுவில், சுன்னாகம், உரும்பிராய் என்று எங்கே போட்டி வைத்தாலும் நாங்கள் ஒரு கூட்டம் சைக்கிளில் போய் இறங்குவோம். பரிசு பெரும்பாலும் ஒரு சோப்புப்பெட்டி அல்லது தண்ணீர்ச் செம்பு. எங்கள் வீட்டுக் குசினியில் இருந்த செம்புகளில் பாதி கொலம்பஸும் வாஸ்கோ ட காமாவும் சம்பாதித்துத் தந்தவை என்று அம்மா சொல்லிச் சிரிப்பா.

கேள்விகள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்? உலகை முதன்முதலில் சுற்றி வந்தவர் யார்? வாட்டர்லூப் போர் நடந்த ஆண்டு எது? பாண் இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும் என்று சொன்ன அரசி யார்? உலகின் முதல் பெண் பிரதமர் யார்? கேட்கிறவர் கையில் ஒரு பழுப்பு நிற வினாவிடைப் புத்தகம் இருக்கும். அதே புத்தகம் எங்களிடமும் இருந்தது. ஆகவே அது அறிவுப் போட்டி என்பதைவிட ஓட்டப் போட்டி என்பதே பொருத்தம். கேள்வி முடிய முன்னமே கை உயர வேண்டும்.

இந்தப் பெருமையோடுதான் நான் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவை எடுத்தேன். எங்கள் ஊரில் அதைச் சொல்லவே கொஞ்சம் துணிவு வேண்டும். மருத்துவம், பொறியியல், அதற்குக் கீழே வர்த்தகம், அதற்கும் கீழே இடம் மிஞ்சினால் ஆர்ட்ஸ். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாராவது “மகன் என்ன செய்யிறான்?” என்று கேட்டால் “படிக்கிறான்” என்பதோடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

1992ஆம் ஆண்டு. இரண்டு வருடங்களாக மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்ச எண்ணெயை ஊறவிட்டு எரிக்கிற விளக்கில் படித்தோம். செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு ஒருவர் மிதிக்க, டைனமோவில் இருந்து றேடியோவுக்குக் கம்பி போகும். பிபிசி தமிழோசை தொடங்குகிற நேரம் ஒழுங்கை முழுக்கச் சில் சுற்றுகிற சத்தம் கேட்கும். மிதிக்கிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைத்துப்போகும்.

வரலாறு படிக்க நான் போன ரியூட்டரி மருதனார்மடம் சந்திக்குப் பின்னால், சந்தையில் வெங்காயப் பிடிகள் இறக்கும் இடத்தைத் தாண்டி ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. கிடுகுக் கொட்டில், மண் தரை, இரண்டு பக்கமும் வாங்குகள். இடது பக்கம் பொடியள், வலது பக்கம் பெண்பிள்ளைகள். நடுவில் விட்ட பாதையால் மாஸ்ரர் மட்டும் நடப்பார். கொட்டிலுக்கு வெளியே, தென்னங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர்.

மாஸ்ரரின் பட்டம் நெப்போலியன். ஆள் கட்டை என்பதால் வந்த பட்டம். அது தனக்குத் தெரியும் என்பதை அவரே ஒருநாள் காட்டிக்கொண்டார். “நெப்போலியன் கட்டையில்லை, கண்டீரோ? அவன்ர பிரேதத்தை அளந்தவை ஐஞ்சடி ரண்டு அங்குலம் எண்டு எழுதி வைச்சினம். அது பிரான்சுக்காரன்ர அங்குலம், இங்கிலீசுக்காரன்ர அங்குலத்தைவிட நீளம். கணக்குப் பார்த்தா ஐஞ்சடி ஆறு வரும். அந்தக் காலத்துப் பிரான்சுக்காரனுக்கு அது நடுத்தர உயரம். லண்டனிலை கேலிச்சித்திரம் கீறினவங்கள் அவனைக் குள்ளனாக்கிப்போட்டாங்கள். எனக்குப் பட்டம் வைக்கிற ஆக்கள் முதல் வரலாறு படிக்கவேணும்.” வலது பக்கம் முழுக்கச் சிரிப்பு. பட்டம் வைத்த நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் வாரமே ஒரு சோதனை வைத்தார். சனசமூக நிலையத்தில் கேட்கிற அதே கேள்விகள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கொப்பி திரும்பி வந்தபோது “உலகை முதன்முதலில் சுற்றி வந்தவர் மகெல்லன்” என்ற வரிக்குச் சிவப்புக் குறுக்குக் கோடு விழுந்திருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் அப்படித்தான். வினாவிடைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினோம். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“மகெல்லன் எங்கை செத்தவன்?”

ஒருவருக்கும் தெரியவில்லை.

1521 ஏப்ரல் 27, பிலிப்பைன்ஸில் மக்டான் என்ற தீவு. அங்கே லாப்பு லாப்பு என்ற தலைவனின் ஆட்களோடு மூண்ட சண்டையில் மகெல்லன் கொல்லப்பட்டான். உலகம் அப்போது பாதிதான் சுற்றப்பட்டிருந்தது. 1519இல் ஐந்து கப்பல்களில் இருநூற்றுச் சொச்சம் பேராகப் புறப்பட்டவர்களில், 1522 செப்டெம்பர் 6ஆம் திகதி ஸ்பானியாவுக்கு ‘விக்டோரியா’ என்ற ஒற்றைக் கப்பலில் திரும்பி வந்தவர்கள் 18 பேர். தலைவன் எல்கானோ. “செத்தவன் எப்பிடியடா சுத்தி முடிப்பான்?” என்றார். பிறகு கரும்பலகைக்குத் திரும்பி இன்னொரு பெயர் எழுதினார்: என்றிக். 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்தபோது மகெல்லனுக்குக் கிடைத்த மலாய் அடிமை. எசமானோடு மேற்கே ஐரோப்பாவுக்குப் போனான். அங்கிருந்து இன்னும் மேற்கே கடல் தாண்டி, பிலிப்பைன்ஸில் அந்த ஊராரோடு மொழிபெயர்ப்பாளனாகப் பேசினான். மகெல்லன் செத்த சில நாட்களில் கப்பற்காரரை விட்டுப் போய்விட்டான். அங்கிருந்து கப்பலேறி மலாக்காவுக்கு வந்து சேர்ந்திருந்தால் உலகைச் சுற்றிய முதல் மனிதன் அவன்தான். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

“அப்ப விடை என்ன சேர்?” என்று யாரோ கேட்டான்.

“எந்தக் கேள்விக்கு?” என்றார் மாஸ்ரர்.

எனக்கு அப்போது அவரில் கோபம்தான் வந்தது. விடை சொல்லாத வாத்தியார் என்ன வாத்தியார்? வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். முதல்முறையாக அவர் என் வரலாற்றுப் பாடத்தில் அக்கறை காட்டினார். “உந்த மாஸ்ரர் நல்லவர் போலக் கிடக்கு,” என்றார்.

கேக் சாப்பிடச் சொன்ன கதையையும் மாஸ்ரர் அப்படியே உடைத்தார். ஒரு பெரிய இளவரசி அப்படிச் சொன்னாளாம் என்று ரூசோ தன் சுயசரிதையில் எழுதியபோது மேரி அன்ரனெற் ஒஸ்ரியாவில் சின்னப் பிள்ளை. பிரான்சுக்கு அவள் மருமகளாக வந்ததே 1770இல். ரூசோ அவளைச் சொல்லியிருக்க வழியில்லை. பிறகு சனம் யாரை வெறுத்ததோ அவளுடைய வாயில் அந்த வசனத்தை வைத்தது. “எங்கட ஊரிலயும் உப்பிடி ஆக்கள்ர வாயில வைச்ச கதையள் கனக்க இருக்கு,” என்று சொல்லிவிட்டுச் சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் சில வசனங்களை எல்லோரும் அப்படிப் பாதியில்தான் விடுவார்கள்.

பிரான்சியப் புரட்சியின் விளைவுகள் என்பது உயர்தரப் பரீட்சையில் அடிக்கடி வருகிற கேள்வி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம், தேசியவாதத்தின் எழுச்சி, நிலப்பிரபுத்துவத்தின் வீழ்ச்சி என்று ஒப்புவிக்கத் தொடங்கினோம். மாஸ்ரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“யாழ்ப்பாணக் கோட்டையிலை கொடி மாறினது. அதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

பலகையின் மேல் மூலையில் பாரிஸ் என்று எழுதி 1789 போட்டார். அங்கிருந்து ஓர் அம்புக்குறி. 1795 தை மாதம், கடுங்குளிரில் ஆறுகள் உறைந்து கிடக்க, பிரெஞ்சுப் படை அவற்றின் மேலால் நடந்து ஒல்லாந்துக்குள் போனது. பனியில் இறுகி நின்ற கடற்படைக் கப்பல்களைக் குதிரையில் போனவர்கள் சரணடைய வைத்தார்கள் என்று சொன்னபோது, பனியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்திராத நாங்கள் வாயைத் திறந்தபடி இருந்தோம். ஒல்லாந்தின் ஆட்சித் தலைவன் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினான். லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் அவனைக் குடிவைத்தார்கள். அங்கிருந்து பெப்ரவரியில் தன் குடியேற்ற நாட்டு அதிகாரிகளுக்கு அவன் கடிதம் எழுதினான்: இங்கிலீசுக்காரரை உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் பிரான்சுக்காரன் வந்துவிடுவான். அம்புக்குறி கியூவில் இருந்து சென்னைக்கு இறங்கியது. சென்னையில் இருந்து கேணல் ஸ்ருவாட்டின் படை திருகோணமலைக்கு வந்தது. அங்கே ஒல்லாந்தர் ஓரளவு எதிர்த்து நின்றார்கள். ஓகஸ்ட் கடைசியில் கோட்டை விழுந்தது. செப்டெம்பர் கடைசியில் யாழ்ப்பாணம். சண்டையே இல்லை. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, ஐந்து மூலையாக மாற்றிக் கட்டி, 137 வருடம் வைத்திருந்த கோட்டையை ஒல்லாந்தர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அம்புக்குறி முடிந்த இடத்தில் யாழ்ப்பாணம் என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். நாங்கள் எல்லோரும் அந்தக் கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகையின் சத்தத்தை 1990இல் கேட்டவர்கள். அதற்கும் பாரிசில் ஒரு சிறையை உடைத்ததற்கும் இடையில் ஒரு கோடு போடலாம் என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பரீட்சையில் இதை எழுதினால் புள்ளி கிடைக்குமோ தெரியாது என்று மாஸ்ரரே எச்சரித்தார். “முதல் ஐஞ்சு விளைவையும் எழுதிப்போட்டு இதை ஆறாவதாய்ப் போடும்,” என்றார். கெட்டிக்கார யோசனை.

நெப்போலியன் எல்பாத் தீவில் இருந்து தப்பி பிரான்சில் கால் வைத்தது 1815 மார்ச் 1. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது மார்ச் 2. இந்த இரண்டு திகதியையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு மாஸ்ரர் ஒரு சின்னப்பிள்ளையைப் போல மகிழ்ந்துபோய் நின்றார். ஒன்றால் மற்றது நடக்கவில்லை, அதை அவரே சொன்னார். ஒருவன் சென்ற் ஹெலினாவில் 1821இலும், மற்றவன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வேலூரில் 1832இலும் வெள்ளைக்காரன் காவலில் செத்தார்கள் என்பது மட்டும்தான் பொது. ஆனாலும் வாட்டர்லூ 1815 என்று பாடமாக்கினவனும் கண்டி 1815 என்று பாடமாக்கினவனும் ஒரே பொடியன்தானே, அவன் தலைக்குள் ஏன் இரண்டும் சந்திக்கவில்லை என்பதுதான் அவருடைய ஆச்சரியம்.

முதலாம் உலக மகாயுத்தம் படித்த வாரத்தில் சரயேவோ என்ற பெயர் வந்தது. 1914 யூன் 28, ஒஸ்ரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினன்ட் சுடப்பட்ட நகரம். ஆனால் எங்களுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே பழக்கம். அந்த வருடம் டைனமோ றேடியோவில் சரயேவோ முற்றுகை தவறாமல் வந்துகொண்டிருந்தது. வகுப்பின் நடுவில் பொம்மர் சத்தம் கேட்டது. பொடியள் ஒரு வாசலாலும் பிள்ளைகள் மற்ற வாசலாலும் ஓடிப் பங்கருக்குள் இறங்கினோம். பங்கருக்குள் இடது வலது பக்கங்கள் கிடையாது. குந்தியிருந்த இருட்டில் மண் வாசம், யாரோ ஒரு பிள்ளையின் தலையில் பூசிய நல்லெண்ணெய் வாசம். குண்டு வேறெங்கோ விழுந்தது, பலாலிப் பக்கமாக இருக்கலாம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “சரயேவோவிலயும் இப்ப இப்பிடித்தான் குந்திக்கொண்டிருப்பினம்,” என்றாள் ஒருத்தி. “அவையளுக்கு இந்தப் பாடம் விளங்கியிருக்கும்,” என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை. மேலே வந்ததும் வகுப்பைக் கலைத்துவிட்டார்.

சரயேவோவில் இருந்து மருதனார்மடத்துக்கும் ஒரு கோடு வரும் என்று அடுத்த வகுப்பில் சொன்னார். வீட்டுவேலை: சேர் பொன்னம்பலம் இராமநாதன் யார்? ஐந்து வரி.

இதைவிட இலேசான கேள்வி எங்கள் ஊரில் இல்லை. சந்தியில் நின்று கல் எறிந்தால் அவருடைய கல்லூரி வளவுக்குள் விழும். காங்கேசன்துறை வீதியோடு நீண்டு கிடக்கிற மதில், உள்ளே பழைய கட்டடங்கள், அவருடைய சமாதி. 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்காக அவர் கட்டிய இராமநாதன் கல்லூரி. வகுப்பின் வலது பக்கத்தில் பாதிப்பேர் அங்கே படிக்கிறவர்கள். நிறுவுநர் தினப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர்கள். ஐந்து வரி என்ன, ஐம்பது வரி எழுதுவார்கள். 1851இல் பிறந்தார், சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தார், 1911இல் படித்த இலங்கையர் தொகுதிக்குத் தெரிவானார், 1915 கலவரத்தின்போது சிங்களத் தலைவர்களுக்காக லண்டன் போய் வாதாடினார், திரும்பி வந்தபோது அவருடைய வண்டிக் குதிரையைக் கழற்றிவிட்டுச் சிங்களத் தலைவர்களே இழுத்துப் போனார்கள். எல்லாக் கொப்பியிலும் இதுதான். அந்த வண்டி எங்கள் ஊரில் மிகப் பிரபலம். இழுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிறகு என்ன செய்தார்கள் என்ற பெருமூச்சோடுதான் அந்தக் கதை முடியும்.

மாஸ்ரர் அதை மறுக்கவில்லை. 1915இல் ஏன் இராணுவச் சட்டம் என்று கேட்டார். ஐரோப்பாவில் மகாயுத்தம்; கலவரம் என்று கேட்டதும் ஆளுநர் சாமர்ஸின் நிர்வாகம் அதை அரசுக்கு எதிரான சதியாகப் பார்த்துப் பயந்தது. டி. எஸ். சேனநாயக்கா முதலானவர்களைச் சிறையில் போட்டார்கள். ஹென்றி பேதிரிசை யூலையில் சுட்டுக் கொன்றார்கள். ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் லூசிற்றானியாவை மூழ்கடித்த அதே வருடத்தில், அறுபத்து நாலு வயது மனிதர் லண்டனுக்குக் கப்பலேறினார். அது சின்னத் துணிவு இல்லை. அதுவரை மாஸ்ரரின் குரல் உயர்ந்துகொண்டே போனது.

பிறகு தணிந்தது. “கலவரத்திலை அடிவாங்கினது ஆர்?”

யாரும் எழுதவில்லை. எங்கள் ஐந்து வரிக்குள் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கவில்லை. கடை எரிந்ததும் பள்ளிவாசல் உடைந்ததும் முஸ்லிம்களுக்கு. அவர்களுடைய பக்கத்தில் இருந்து பார்த்தால், சட்டசபையின் மிகச் சிறந்த வாய், தங்களைத் தாக்கியவர்களின் பக்கம் பேசியது. அதற்கு முன்பே, 1888இல், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர்தான் என்று அவர் படித்த கட்டுரை ஆறாத புண்ணாக இருந்தது. “இதை நீங்கள் எழுதாததிலை பிழையில்லை. எழுதக்கூடிய ஆக்கள்…” என்று தொடங்கிய மாஸ்ரர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு இரண்டு வருடம் ஆகவில்லை. சுன்னாகம் சந்தைக்கு வருகிற பழைய இரும்பு வியாபாரியை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்போது அவர் வருவதில்லை.

அன்றைக்கு உண்மையான சண்டை வந்தது வேறு விடயத்தில். 1927 கடைசியில் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது சர்வசன வாக்குரிமையை இராமநாதன் கடுமையாக எதிர்த்தார். படியாதவர்களுக்கும், சாதியில் குறைந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும், பெண்களுக்கும் வாக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. மாஸ்ரர் சொல்லி முடிக்க முன்னம் வலது பக்கத்தில் ஒருத்தி எழும்பிவிட்டாள். இராமநாதன் கல்லூரிப் பிள்ளை. கண் கலங்கியிருந்தது.

“சேர், எங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டின ஆள் அப்பிடிச் சொல்லுவாரோ?”

“சொன்னவர், பிள்ளை.”

“அப்ப ஏன் கட்டினவர்?”

“நல்ல கேள்வி. இரும்.”

அவள் இருக்கவில்லை. பை, கொப்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நடுப்பாதையால், மாஸ்ரர் மட்டும் நடக்கிற பாதையால், வெளியே போனாள். அடுத்த வகுப்புக்கு வந்தாள். அவளுடைய கொப்பியில் ஐந்து வரி இப்போது மூன்று பக்கமாக வளர்ந்திருந்தது. அம்மம்மாவைக் கேட்டு எழுதியிருந்தாள். 1927 நவம்பர் கடைசியில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது இராமநாதன் கல்லூரிக்கும் வந்ததை, அப்போது அங்கே சின்ன வகுப்பில் படித்த அம்மம்மா கண்டிருக்கிறா. காந்தியை அழைத்தது யாழ்ப்பாணத்து வாலிப காங்கிரஸ். சாதியில் சமமாக உட்கார வேண்டும், வாக்கு எல்லோருக்கும் வேண்டும் என்ற கூட்டம் அது. அவர்களுடைய விருந்தாளி இராமநாதனின் வளவுக்குள் போய்ப் பிள்ளைகளோடு பேசிவிட்டு வந்தார். சில வாரங்களுக்குள் இராமநாதன் ஆணைக்குழுவின் முன்னால் போய் வாக்கு வேண்டாம் என்றார். 1930 நவம்பரில் அவர் இறந்தார். 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள், பிரான்சுப் பெண்களுக்குப் பதின்மூன்று வருடம் முன்பாகவே சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. அதே மண்ணில் 1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் வந்தார், 1972 அரசியலமைப்பும் தரப்படுத்தலும் அவருடைய ஆட்சியில்தான் வந்தன. சனசமூக நிலையத்துப் புத்தகத்தில் முதல் பாதி மட்டும்தான் இருந்தது. மற்றப் பாதியை ஊரில் எல்லோரும் புத்தகம் இல்லாமலே சொல்லுவார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தம் நெருங்க, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அதைப் பலர் எழுதிவிட்டார்கள். கொப்பிகள் போயின. மாஸ்ரர் கனடாவில் இருக்கிறார் என்று ஒருவரும், கிளிநொச்சியில் காலமாகிவிட்டார் என்று இன்னொருவரும் சொன்னார்கள்.

அவள் கேட்ட “அப்ப ஏன் கட்டினவர்?” மட்டும் எனக்குள் ஒட்டிக்கொண்டது. பிறகு கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் நூலகம் நூலகமாக இராமநாதனைத் தேடிப் படித்தபோது, நான் எதிர்பாராத ஒருத்தி வந்து நின்றாள். புளோரன்ஸ் ஃபார். லண்டன் மேடை நடிகை. பேர்னாட் ஷோவின் முதல் நாடகம் 1892இல் அரங்கேறியபோது கதாநாயகியாக நடித்தவள். இப்சனின் பெண்களுக்கு மேடையில் உயிர் கொடுத்தவள். கவிஞர் யேற்ஸ் தன் கவிதைகளை இசையோடு எப்படிச் சொல்ல வேண்டும் என்று பரிசோதித்தபோது நரம்பிசைக் கருவியை மடியில் வைத்து அவற்றைச் சொல்லிக் காட்டியவள். ஷோவுக்கும் யேற்ஸுக்கும் நோபல் பரிசு எந்தெந்த ஆண்டு என்று எங்கள் பழுப்புப் புத்தகத்தில் இருந்தது: 1923 யேற்ஸ், 1925 ஷோ. இரண்டையும் பாடமாக்கி ஒரு செம்பு வாங்கியிருக்கிறேன். அவர்கள் இருவருக்கும் நெருக்கமான அந்தப் பெண் 1912இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இலங்கைக்குக் கப்பலேறி, இராமநாதன் கல்லூரியின் முதல் அதிபராக மருதனார்மடத்தில் வந்து இருந்தாள் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஐம்பது தாண்டிய வயதில் தமிழ் படித்தாள். தமிழ்ப் பாட்டுகளை மொழிபெயர்க்க முயன்றாள். பெரியதம்பி, சின்னத்தம்பி வீட்டுப் பிள்ளைகள் பாவாடையோடு வரிசையில் நிற்க, ஷோவின் கதாநாயகி கூட்டுப் பிரார்த்தனைக்கு முன்னால் நின்றிருப்பாள். 1917இல் கொழும்பில் புற்றுநோயால் இறந்தாள். மூன்று ஆண்டு கழித்து யேற்ஸ் எழுதிய ‘ஆல் சோல்ஸ் நைற்’ என்ற கவிதையில் இறந்த நண்பர்களை அழைக்கிற வரிசையில் அவளும் வருகிறாள், தூர தேசத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததோடு.

இதைவிட ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1910இல், இங்கே வருவதற்கு இரண்டு வருடம் முன்னர், அவள் ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தாள். நவீனப் பெண் பற்றியது. பெண்ணின் வாக்கு, உழைப்பு, திருமணம், விடுதலை எல்லாம் பேசுகிற புத்தகம். பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று பின்னாளில் சொன்னவர், அந்தப் புத்தகத்தை எழுதியவளைத் தேடிப் பிடித்துத்தான் தன் பெண்கள் பள்ளிக்கு அதிபராக்கினார். அவருடைய இரண்டாவது மனைவி லீலாவதியும் அவுஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளைக்காரி, அவருடைய நூல்களைப் பதிப்பித்த படித்த பெண். அவர் போன பின்னும் அந்தப் பள்ளியைத் தாங்கி நின்றவ. மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குச் சைவனாக இருந்துகொண்டே விளக்கவுரை எழுதிய மனிதர் இராமநாதன். அமெரிக்காவில் ஊர் ஊராகப் பேசியவர். ஊரில் வாங்கில் சமமாக உட்காரக்கூடாது என்ற கூட்டத்தின் தலைவரும் அவரே. இவரை ஐந்து வரிக்குள் அடைக்கச் சொன்ன மாஸ்ரருக்கு நாங்கள் தோற்போம் என்று தெரிந்திருக்க வேண்டும். என் கணிப்பு ஒன்று உண்டு: பெண்ணுக்கு அறிவு வேண்டும், அதிகாரம் வேண்டாம் என்ற பழைய வீட்டுப் பெரியவரின் கணக்குத்தான் அவருடையது. தான் தேர்ந்தெடுத்த பெண்களுக்கு எல்லாம் கொடுப்பார், எல்லாப் பெண்களுக்கும் எதையும் கொடுக்கமாட்டார். ஆனால் கட்டின பள்ளிக்கூடம் கட்டினவரின் கணக்கைக் கேட்டு நடக்கிறதில்லை.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தேன். சந்தியில் வானத்தை முட்டுகிற ஆஞ்சநேயர். சந்தை பழையபடி செம்மண் ஒட்டிய கிழங்கும் வெங்காயமுமாக நிறைந்திருந்தது. அக்காவின் மகள் அந்த வளவுக்குப் பக்கத்தில்தான் சங்கீதம் படிக்கிறாள். இராமநாதனின் மருமகன் சு. நடேசபிள்ளை 1960இல் தொடக்கிய இசைக் கல்லூரி இப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவு. அவர்களுடைய மாணவர் மன்றத்தில் வினாடிவினாப் போட்டி. கேள்வி தயாரிக்கிற பொறுப்பு அவளிடம். போனில் தேடித் தேடிக் கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தாள். உலகை முதன்முதலில் சுற்றி வந்தவர் யார் என்று அதில் இருந்தது. நான் கதையைத் தொடங்கினேன். மகெல்லனில் தொடங்கி, புளோரன்ஸ் ஃபாரில் வந்து நிற்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

“மாமா, இது பகிடி இல்லைத்தானே? ஷோவின்ர நடிகை எங்கட வளவுக்குள்ளயோ?” என்றாள். உடனே எழுதினாள்: இராமநாதன் கல்லூரியின் முதல் அதிபராக இருந்த ஆங்கில மேடை நடிகை யார்?

“உது யார் கேள்வி. எங்கட மாஸ்ரர் உதுக்கு ஒரு புள்ளிதான் தருவார். ஏன் கேள்வி ஒண்டு போடன்,” என்றேன்.

“அப்ப நீங்களே சொல்லுங்கோ.”

பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற இராமநாதன், வாக்குரிமை கேட்டு எழுதிய பெண்ணை ஏன் அதிபராக்கினார் என்று சொன்னேன். அவள் அதையும் எழுதினாள். எழுதிவிட்டு, கீழே அ, ஆ, இ, ஈ என்று நாலு எழுத்தையும் வரிசையாகப் போட்டு, பேனையை என்னிடம் நீட்டினாள்.

“நாலு தெரிவு வேணும் மாமா. அதிலை ஒண்டுதான் சரியாய் இருக்கவேணும்.”